சனிக்கிழமை வலிப்பும் ஒரு ஹவுஸ் சர்ஜனின் குழப்பமும்

கேள்வி: ஐயா, தென்மாவட்டம் ஒன்றில் அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். தேர்வு முடித்து ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் முதல் டாக்டர் நான்தான். மூளையைப் பற்றி எதைப் படித்தாலும் நேரம் போவது தெரிவதில்லை. எம்.டி., பிறகு டி.எம். நரம்பியல் என்ற உயர்சிறப்புப் படிப்பு என்று போவதா, நேரே மூளை ஆராய்ச்சியில் பிஎச்.டி. சேர்வதா என்று ஆறு மாதமாகக் குழம்பிக்கொண்டிருக்கிறேன். "ஆராய்ச்சி என்றால் எலியோடு குடித்தனம்" என்கிறார் ஒரு பேராசிரியர். அப்பா ஓய்வு பெற்ற பஸ் நடத்துநர். கல்விக் கடன் பாக்கி இருக்கிறது. டி.எம். முடிப்பதற்குள் முப்பதைத் தாண்டிவிடுவேன் என்று அம்மாவுக்குக் கவலை. போன மாதம் குழந்தைகள் வார்டில் ஒன்பது வயதுப் பையன் ஒருவனைப் பார்த்தேன். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துத் தலைக்கு வெந்நீர் ஊற்றும்போது மட்டும் அவனுக்கு வலிப்பு வருகிறது. சனி பிடித்திருக்கிறது என்று திருநள்ளாறு வரை போய் வந்திருக்கிறார்கள். உடம்பில் ஊற்றினால் வராத வலிப்பு தலையில் ஊற்றினால் ஏன் வருகிறது? யாரைக் கேட்டும் சரியான பதில் கிடைக்கவில்லை. இரண்டு வழியில் எனக்கு ஏற்றது எது? இரண்டையும் சேர்த்துச் செய்கிறவர்கள் உண்டா?

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பட்டங்களைப் பற்றிக் கேட்கும் இடங்களில் உங்கள் எழுத்து தயங்குகிறது. பையனைப் பற்றிச் சொல்லும்போது வேகமெடுக்கிறது. அதனால் நானும் பையனிடமிருந்தே தொடங்குகிறேன்.

அவனுக்கு வந்திருப்பது அநேகமாக வெந்நீர் வலிப்பு. நேரில் பார்க்காமல் நோயைத் தீர்மானிக்கும் பழக்கம் எனக்கில்லை; ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் வரலாறு பாடப்புத்தகத்தில் இருப்பதைவிடத் தெளிவாக இருக்கிறது. 1945-இல் நியூசிலாந்திலிருந்து இதைப் பற்றி முதலில் எழுதினார்கள். ஆனால் இந்த நோய் அதிகம் தென்படுவது நம் பக்கம்தான், அதிலும் கர்நாடகத்தின் தென்பகுதியில். பெங்களூருவில் நரம்பியல் மருத்துவர் கே.எஸ். மணி 1968-இல் இதை எழுதினார். 1988-இல் அங்குள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸைச் சேர்ந்த சதீஷ்சந்திராவும் உடன் பணியாற்றியவர்களும் 279 நோயாளிகளின் விவரத்தை ஒரே கட்டுரையில் வெளியிட்டார்கள். எல்லாம் நமக்குத் தெரிந்த காட்சிதான். சில நாளுக்கு ஒருமுறை தலைமுழுக்கு. அண்டாவில் 40 முதல் 50 டிகிரி வரை சூடான நீர். உட்கார வைத்து, குவளை குவளையாக, மூச்சு விட இடம் கொடுக்காமல் ஊற்றுவார்கள். ஐந்தாறு குவளைக்குள் பிள்ளையின் பார்வை நிலைகுத்தும்; வாய் ஏதோ முணுமுணுக்கும். பையன்களுக்கு எண்ணெய்க் குளியல் சனிக்கிழமை என்பது நம் வழக்கம். அந்தத் தாய் கிழமையைக் கவனித்தது சரியான கவனிப்பு. பழி போட்ட இடம்தான் தவறு.

இந்த ஒரு பையனைச் சுற்றி எத்தனை விதமான நிபுணர்கள் நிற்கிறார்கள் என்று பாருங்கள். உங்கள் கேள்விக்கு அதில் பாதிப் பதில் இருக்கிறது.

முதலில் நரம்பியல் மருத்துவர். தாயிடம் கால் மணி நேரம் பேசி, மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி. எடுத்து, நீரை வெதுவெதுப்பாக்கச் சொல்லி, தலையில் மொத்தமாக ஊற்றுவதை நிறுத்தச் சொல்லி, அதற்கும் அடங்காவிட்டால் குளிக்கும் நாளில் மட்டும் முன்கூட்டியே குளோபசாம் என்ற வலிப்பு மருந்தைக் கொடுத்து, பெரும்பாலும் பிரச்சினையை முடித்துவிடுவார். வெந்நீர் இல்லாதபோதும் சிலருக்குப் பின்னாளில் வலிப்பு வரும் என்பதால் ஆண்டுக்கணக்கில் அவனைப் பார்த்துக்கொண்டும் இருப்பார்.

அடுத்தவர் ஊரை எடுத்துக்கொள்கிறவர். அதே மணிதான் பிற்காலத்தில் சாமராஜநகர் மாவட்டத்தின் யளந்தூரில் கிராமம் கிராமமாக வலிப்பு நோயாளிகளைக் கண்டறியும் வேலையில் இறங்கினார். ஃபீனோபார்பிட்டல், ஃபெனிடாயின் என்ற மலிவான இரண்டு மருந்துகளை வைத்துக்கொண்டே கிராமத்தில் வலிப்பைக் கட்டுப்படுத்த முடியும் என்று அந்த ஆய்வு காட்டியது. கையில் நவீனக் கருவி எதுவும் இல்லை. மருந்தைத் தொடர்ந்து கொண்டுபோய்ச் சேர்க்கிற பொறுமைதான் கருவி.

மூன்றாமவர் உங்கள் பேராசிரியர் கேலி செய்யும் எலிக்காரர். நிம்ஹான்ஸில் எலியின் தலையில் வெந்நீரைப் பீய்ச்சி, அதற்கும் வலிப்பு வருகிறதா என்று பார்த்தார்கள். வந்தது, 1996-இல் கட்டுரையாக வெளியானது. உங்கள் "தலையில் ஏன்" என்ற கேள்வியை மனிதப் பிள்ளையிடம் சோதித்துப் பார்க்க முடியாது. எலியிடம் முடியும். உடல் வெப்பத்தைச் சீராக வைத்திருக்கும் மூளைப் பகுதி சிலருக்குப் பிறவியிலேயே எளிதில் தடுமாறக்கூடியதாக இருக்கிறது, தலையில் சூடு சட்டென்று ஏறும்போது அது நிலைகுலைகிறது என்பது இப்போதைக்கு அதிகம் பேர் ஏற்கும் கருத்து. வழக்கு இன்னும் முடியவில்லை.

நான்காமவர் நோயாளியின் குடும்ப மரத்தை வரைகிறவர். ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் அனுரஞ்சன் ஆனந்தின் குழு, நிம்ஹான்ஸ் மருத்துவர்களோடு சேர்ந்து, பரம்பரையாக இந்த வலிப்பு வரும் குடும்பங்களை ஆராய்ந்தது. 10-ஆம் குரோமோசோமில் ஓரிடத்தையும் 4-ஆம் குரோமோசோமில் ஓரிடத்தையும் 2009-இல் அடையாளம் காட்டியது. அந்த ஆய்வகத்தில் ரத்த மாதிரியைக் கையாண்டவர்களில் பலர் வலிப்பு வந்த பிள்ளையை நேரில் பார்த்தே இருக்கமாட்டார்கள்.

நால்வருமே மூளை நிபுணர்கள்தான். ஆனால் நால்வரின் காலை நேரமும் ஒன்றாக இருக்காது. நீங்கள் தேர்ந்தெடுக்கப் போவது உண்மையில் அந்தக் காலை நேரத்தைத்தான்.

நரம்பியல் மருத்துவரின் காலை எனக்கு நன்றாகத் தெரியும். முப்பது ஆண்டுக்கு மேல் அதில் உட்கார்ந்தவன். ஓ.பி.யில் சீட்டுக் கட்டு உயர்ந்துகொண்டே போகும். அதில் கால்வாசிப் பேர் நம்மிடம் வரவேண்டியவர்களே அல்லர். தமிழில் நரம்பு என்ற சொல் படும் பாடு அப்படி. ரத்தக்குழாயில் போடுவதும் நரம்பு ஊசி. காலில் புடைத்துத் தெரியும் சிரையும் நரம்பு. சுவர் விளம்பரத்தைப் பார்த்துப் பயந்து வரும் இளைஞனுக்கு நரம்புத் தளர்ச்சி. இவர்களை அனுப்பிவைத்த பிறகுதான் உண்மையான வேலை. கையில் சுத்தியல், இசைக்கவை, ஒரு குண்டூசி. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு கோளாறு மூளையிலா, தண்டுவடத்திலா, நரம்பிலா, தசையிலா என்று இடம் குறிக்கும்போது கிடைக்கும் நிறைவை எம்.ஆர்.ஐ. வந்த பிறகும் நான் இழக்கவில்லை. இரவில் பக்கவாத அழைப்பு வரும். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசிக்கு நான்கரை மணி நேரம்தான் அவகாசம் என்பதால், "எத்தனை மணிக்குக் கடைசியாக நன்றாகப் பேசினார்?" என்ற கேள்வியை அரைத் தூக்கத்திலும் கேட்கப் பழகிவிடுவீர்கள். குணப்படுத்த முடியாத நோயை வீட்டாருக்கு எடுத்துச் சொல்லும் நாட்களும் நிறைய உண்டு. அதற்கு யாரும் பாடம் நடத்துவதில்லை.

ஆராய்ச்சியாளரின் காலையை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ஒரே கேள்வி, ஐந்தாறு ஆண்டு. முதல் ஆண்டு பெரும்பாலும் கருவி சரியாக வேலை செய்யாது. இரண்டாம் ஆண்டு வேலை செய்யும், நீங்கள் எதிர்பார்த்த விடை வராது. ஆனால் எலியோடு குடித்தனம் நடத்தியவர்கள் என்ன கண்டார்கள் என்று உங்கள் பேராசிரியரிடம் ஒருநாள் சொல்லுங்கள். பெங்களூருவில் என்.சி.பி.எஸ். என்ற உயிரியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் சுமந்திர சட்டர்ஜியின் குழு எலிகளை நாளுக்கு இரண்டு மணி நேரம் அசையவிடாமல், பத்து நாள் நெருக்கடியில் வைத்தது. நினைவாற்றலுக்குத் தேவையான ஹிப்போகாம்பஸில் நரம்பணுக்களின் கிளைகள் குறுகின. அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலாவில் கிளைகள் வளர்ந்துவிட்டன. இது 2002-இல். அடுத்ததாக எலிகளுக்கு 21 நாள் ஓய்வு கொடுத்துப் பார்த்தார்கள். ஹிப்போகாம்பஸ் மீண்டது, அமிக்டலா மீளவில்லை. தேர்வு பயமோ விபத்து பயமோ நெருக்கடி தீர்ந்த பின்னும் ஏன் விலகாமல் நிற்கிறது என்று ஓ.பி.யில் கேட்பவருக்கு நான் விளக்கம் சொல்லும்போதெல்லாம் அந்த எலிகள்தான் நினைவுக்கு வரும்.

பணம். இதைச் சுற்றி வளைத்துப் பேசுவதில் பயனில்லை. பிஎச்.டி.யில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். அடுத்த கட்டத்தில் 42,000. பிஎச்.டி.க்குப் பிறகு பெரும்பாலும் வெளிநாட்டிலோ இங்கேயோ சில ஆண்டு முதுமுனைவர் ஆய்வு, அதற்கும் பிறகு நிரந்தர வேலைக்கு விண்ணப்பம். டி.எம். முடித்தவருக்கு வேலை தேடி அலைய வேண்டியிருக்காது. எம்.டி. சேர்ந்த நாளிலிருந்தே உதவித்தொகையும் வரும். கடன் பாக்கி இருக்கும் வீட்டில் இந்த வித்தியாசம் சிறியதல்ல. அதை நினைத்துப் பார்ப்பது அறிவியலுக்குச் செய்யும் துரோகமும் அல்ல. அப்பாவிடம் கணக்கை எழுதிக் காட்டிப் பேசுங்கள். பல ஆண்டு டிக்கெட் கொடுத்துச் சில்லறை எண்ணிய மனிதர். உங்களைவிட வேகமாகப் புரிந்துகொள்வார்.

அம்மாவின் கவலைக்கு என்னிடம் ஒரு வரிப் பதில்தான். எதைப் படித்தாலும் படிக்காவிட்டாலும் முப்பது வயது வரத்தான் போகிறது.

இரண்டையும் சேர்த்துச் செய்கிறவர்கள் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு, அதுவும் பெரும்பாலும் ஒரே ஒரு நோயாளியிலிருந்துதான் தொடங்கியிருக்கிறார்கள். 1972-இல் சான் பிரான்சிஸ்கோவில் நரம்பியல் பயிற்சி மருத்துவராகச் சேர்ந்த ஸ்டான்லி புருசினரிடம், கிராய்ட்ஸ்ஃபெல்ட் – யாகோப் நோயால் நினைவு அழிந்துகொண்டிருந்த ஒரு பெண் வந்தார். இந்த நோய்க்குக் காரணம் என்ன என்ற கேள்வியைப் புருசினர் வார்டிலேயே விட்டுவிட்டு வரவில்லை. பத்து ஆண்டு கழித்து, 1982-இல், பிரியான் என்ற சொல்லை உருவாக்கினார். கிருமியும் இல்லை, மரபுப்பொருளும் இல்லை, வெறும் புரதம் நோயைப் பரப்பும் என்றபோது பலர் சிரித்தார்கள். 1997-இல் நோபல் பரிசு வந்தது. நம் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். படித்த வி.எஸ். ராமச்சந்திரன் வேறு வழியில் போனார். கேம்பிரிட்ஜில் பிஎச்.டி. வாங்கி, கலிஃபோர்னியாவில் உட்கார்ந்து, கை இழந்தவர்களுக்கு இல்லாத கையில் வரும் வலியை முகம் பார்க்கும் கண்ணாடி பொருத்திய ஒரு பெட்டியை வைத்து ஆராய்ந்தார். டி.எம். படிக்காதவர்; ஆனால் அவருடைய கேள்விகள் நோயாளியை விட்டு விலகியதே இல்லை.

எனக்கு இவர்களைவிட நெருக்கமானது திருவனந்தபுரம். ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் சஞ்சீவ் தாமஸ் 1998-இல் வலிப்பும் கர்ப்பமும் பற்றிய கேரளப் பதிவேட்டைத் தொடங்கினார். வலிப்புக்கு மருந்து சாப்பிடும் பெண் கர்ப்பமானால் குழந்தைக்கு என்ன ஆகும்? ஓ.பி.யில் நாள்தோறும் யாராவது கேட்கும் கேள்விதான். அவர் செய்ததெல்லாம் ஒவ்வொரு பெண்ணையும் பதிவு செய்து, பிரசவத்துக்குப் பிறகும் குழந்தையைத் தொடர்ந்து பார்த்தது. வால்புரோயேட் என்ற வலிப்பு மருந்தின் ஆபத்தை நம் பெண்களிடமிருந்தே திரட்டிய சான்றோடு பேச முடிந்தது அப்படித்தான். ஓ.பி.யை விட்டு எழுந்து போகாமலே செய்த ஆராய்ச்சி அது.

இங்கே என் கதை ஒன்றையும் சொல்லவேண்டும்; பெருமைக்காக அல்ல. நான் முதுகலை மாணவனாக இருந்தபோது, பிரசவமாகிப் பத்துப் பதினைந்து நாளில் தலைவலி, வலிப்பு, ஒரு பக்கம் செயலிழப்பு என்று இளம்பெண்கள் அடிக்கடி வருவார்கள். மூளைச் சிரையில் ரத்தம் உறைந்திருக்கும். ஒரு பெண்ணின் நாக்கு காய்ந்து வெடித்திருந்தது. உடம்பில் நீர் வற்றினால் ரத்தம் எளிதில் உறையும் என்பதால், கூட வந்த பாட்டியிடம் தண்ணீர் கொடுத்தீர்களா என்றேன். "பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணி கொடுப்பாங்களா சாமி? வயிறு ஊதிப் போயிடாதா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு பெண்ணின் வீட்டாரிடமும் எத்தனை டம்ளர் தண்ணீர், எத்தனை நாள் கட்டுப்பாடு என்று கேட்டு ஒரு நோட்டில் குறித்தேன். எம்.டி. தேர்வு வந்தது. பிறகு எழுதலாம் என்று நோட்டை மூடிவைத்தேன். பிறகு டி.எம்., பிறகு வேலை. பல ஆண்டு கழித்துச் சரிபார்க்கப் பழைய கேஸ் ஷீட்டுகளைக் கேட்டுப் போனபோது, இடம் போதவில்லை என்று மொத்தத்தையும் எடைக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். எந்த மருத்துவமனை என்பது இங்கே தேவையில்லை. இதற்கிடையே மதுரையில் கே. சீனிவாசன் என்ற மருத்துவர் கர்ப்பகாலத்திலும் பேறுகாலத்திலும் மூளை ரத்தக்குழாய் அடைபட்ட 135 பேரின் விவரத்தை 1983-இலேயே வெளியிட்டிருந்தார். உலகம் முழுக்க இன்றும் அதை மேற்கோள் காட்டுகிறார்கள். அவர் பார்த்ததும் நான் பார்த்ததும் ஒரே மாதிரிப் பெண்களைத்தான். அவர் எழுதினார்.

சென்னையில் மருத்துவர்கள் மீனாட்சிசுந்தரமும் ஜெகந்நாதனும் ராமமூர்த்தியும் 1970-இல் செய்ததும் அதே காரியம்தான். தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் அழியும் இயக்க நரம்பணு நோய் என்றால் வயதானவர்களுக்கு வருவது என்று புத்தகம் சொன்னது. இவர்கள் கண்ட நோயாளிகளோ இளவயதினர். கைகால் மெலிவதோடு காதும் கேட்காமல் போய்க்கொண்டிருந்தது. புத்தகத்துக்கு ஏற்ப நோயாளியை வளைக்காமல், கண்டதை அப்படியே எழுதினார்கள். இன்றுவரை அந்த நோய்க்கு ஊர்ப் பெயர்தான்: மெட்ராஸ் இயக்க நரம்பணு நோய்.

ஆகவே என் கருத்து இது. உங்கள் கேள்வி ஒரு நோயாளியிடமிருந்து பிறந்திருக்கிறது. வீட்டில் கடனும் இருக்கிறது. மருத்துவ வழியிலேயே போங்கள், ஆனால் கேள்வியைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். நிம்ஹான்ஸில் எம்.பி.பி.எஸ். முடித்ததும் சேரக்கூடிய ஆறு ஆண்டு டி.எம். நரம்பியல் இருக்கிறது, ஐ.என்.ஐ. – சி.இ.டி. என்ற தேசிய நுழைவுத் தேர்வு வழியாக நுழையவேண்டும், இடங்கள் மிகக் குறைவு. கிடைத்தால் யோசிக்காமல் சேருங்கள். அங்கே வார்டுக்கும் ஆய்வகத்துக்கும் நடந்துபோகிற தூரம்தான். மூளைத் திசு வங்கியும் அதே வளாகத்தில் இருக்கிறது. கிடைக்காவிட்டால் வழக்கமான பாதை: நீட் முதுகலைத் தேர்வு எழுதிப் பொது மருத்துவத்திலோ குழந்தை மருத்துவத்திலோ மூன்று ஆண்டு எம்.டி., பிறகு நீட் சூப்பர் ஸ்பெஷாலிட்டி எழுதி மூன்று ஆண்டு டி.எம். உங்கள் பையன் விஷயத்தைப் பார்த்தால் குழந்தை மருத்துவம் பொருத்தமாகத் தோன்றுகிறது. எம்.டி. ஆய்வேட்டை மட்டும் சீனியரிடம் பழைய தலைப்பை வாங்கி ஒப்பேற்றாதீர்கள். டி.எம். முடித்த பிறகு ஆராய்ச்சிக்கு நேரம் ஒதுக்க விரும்பும் மருத்துவர்களுக்கென்றே இந்தியா அலையன்ஸ் போன்ற அமைப்புகள் தனியாக நிதி தருகின்றன.

ஒரே ஒரு நிலையில் மட்டும் என் கருத்தை மாற்றிக்கொள்வேன். அந்தப் பையன் டிஸ்சார்ஜ் ஆன நாளை நினைத்துப் பாருங்கள். அவன் சரியாகிவிட்டான் என்று நிம்மதியாக இருந்ததா, அல்லது கேள்வி கையை விட்டுப் போகிறதே என்று ஏமாற்றமாக இருந்ததா? இரண்டாவது என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆய்வகம்தான் உங்கள் இடம். என்.சி.பி.எஸ். போன்ற நிறுவனங்கள் எம்.பி.பி.எஸ். முடித்தவர்களை நேரடியாகப் பிஎச்.டி.க்கு எடுத்துக்கொள்கின்றன. போகும் முன் ஓரிரு மாதமாவது ஏதாவது ஓர் ஆய்வகத்தில் கூடவே இருந்து பாருங்கள். சென்னை ஐ.ஐ.டி.யின் மூளை ஆய்வு மையத்தையும் முடிந்தால் எட்டிப்பாருங்கள். கருவிலிருக்கும் குழந்தையின் மூளையை 5,132 சீவல்களாகப் படமெடுத்து, 'தரணி' என்ற பெயரில் 2024-இல் முப்பரிமாண வரைபடமாக வெளியிட்டார்கள். அங்கே வேலை செய்பவர்களில் பொறியாளர்களும் ஏராளம். மூளை ஆராய்ச்சி என்றால் எலி மட்டும்தான் என்ற பேச்சுக்கு அதுவும் ஒரு பதில்.

முடிவு செய்ய உங்களுக்கு மாதங்கள் இருக்கின்றன. பையனுக்கு அடுத்த சனிக்கிழமை இருக்கிறது. நீரின் சூட்டைக் குறைக்கச் சொல்லிவிட்டீர்களா, தலையை ஈரத்துணியால் துடைத்தால் போதும் என்று சொல்லிவிட்டீர்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. முதலில் அதைச் செய்யுங்கள். பிறகு அந்தத் தாயிடம் உட்கார்ந்து கேளுங்கள்: எத்தனையாவது குவளையில் தொடங்கும், அண்டா எவ்வளவு கொதிக்கும், காய்ச்சல் வந்தபோது எப்போதாவது வலிப்பு வந்ததா, மாமன் வழியிலோ சித்தப்பா வழியிலோ யாருக்காவது சின்ன வயதில் இப்படி இருந்ததா. அவர் சம்மதத்தோடு, பையனின் பெயரை எழுதாமல், தேதி போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அவரைத் தேடிப் பிடிக்க வேண்டிய எண் கேஸ் ஷீட்டில் இருக்கும். அது எடைக்குப் போவதற்குள் போய் எடுங்கள்.